தொழுநோய் வரலாறு – 14: ஜெனீவாவில் ஐந்து நாட்கள்

1897-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் கூடிய முதல் சர்வதேசத் தொழுநோய் மகாநாடு, நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் கண்டறிந்த கிருமியைச் சாட்சியாக முன்னிறுத்தி, நோயாளியை ஊராரிடமிருந்து பிரித்து வைப்பதே இந்த ரோகத்தைத் தடுக்கும் மார்க்கம் என்று உலகத்துக்கு உபதேசித்த வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்த உபதேசத்தை வழங்கியவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். கையில் தக்க மருந்தேதும் இல்லாத காலத்தில், தங்கள் அறிவுக்கு எட்டிய வழியை அவர்கள் சொன்னார்கள். ஆயினும் நிபுணர்களின் வாக்கு சர்க்காரின் சட்டமாகவும், சட்டம் போலீஸ்காரரின் கைத்தடியாகவும் மாறிய தேசங்களில், குற்றம் ஏதும் செய்யாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் தீவுகளிலும் மதிற்சுவர்களுக்குள்ளும் வாழ்ந்து, அங்கேயே மடிந்தார்கள். அதே நிபுணர் பரம்பரை, எண்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்பு ஜெனீவா நகரில் கூடி, இந்த நோய்க்குரிய சிகிச்சைக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்று உலகம் முழுவதற்கும் துணிந்து சொல்லிய கதையை இந்த அத்தியாயத்தில் சொல்லப் புகுகிறோம்.

பெர்லினுக்கும் ஜெனீவாவுக்கும் இடையில் நிபுணர்களுக்கென்று ஒரு சபை அமைந்தது. 1931-ஆம் ஆண்டு மணிலா நகரில் கூடிய வைத்தியர்கள் சர்வதேசத் தொழுநோய்ச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். இரண்டாண்டு கழித்து அதன் சார்பில் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியரான வேட் என்னும் அமெரிக்க வைத்தியர், பிலிப்பைன்ஸ் தீவுகளில் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த கூலியன் தீவில் வாழ்ந்துகொண்டே அப்பத்திரிகையை நடத்தினார். சங்கம் உருவாவதற்குத் துணைநின்ற மற்றொருவர் ராபர்ட் காக்ரேன். சீனாவில் பிறந்த இந்த ஆங்கிலேய மருத்துவர் பின்னர் நம் செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையத்தின் பொறுப்பை ஏற்று, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். தாமே இளமையில் இந்நோய்க்கு ஆளானவரும், ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட இலக்கிய ரசிகருமான டி. என். ஜகதீசன் அவரோடு நெருங்கிப் பழகி, பிற்காலத்தில் அகில இந்தியத் தொழுநோய்ச் சங்கத்தின் பணியில் முன்னின்றார். நோயுற்றவர் ஒருவர் நோய்பற்றிய ஆலோசனைகளில் வைத்தியர்களுக்குச் சமமாக அமர்ந்தது அக்காலத்தில் எளிதில் காணக்கூடிய காட்சியன்று.

அந்நாளில் மருந்து என்று சொல்லத்தக்கதாக இருந்தது நீரடிமுத்து இனத்து மரங்களின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய். நம் நாட்டு வைத்திய முறைகள் நெடுங்காலமாக அறிந்திருந்த அந்த எண்ணெயை மேனாட்டு மருத்துவர்கள் ஊசி வழியாகத் தோலுக்கடியில் செலுத்தினார்கள். வலி மிகுதி, பலன் சந்தேகம். 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் கை ஃபாஜே, ஸல்ஃபோன் இனத்தைச் சேர்ந்த புரோமின் என்னும் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறிற்று. ஆறாத புண்கள் ஆறின. அடைத்த குரல் திறந்தது. ஆனால் நாள்தோறும் ரத்தக் குழாயில் ஊசி போடுவது கார்வில் போன்ற வசதியுள்ள இடத்துக்குப் பொருந்துமேயன்றி, ஆப்பிரிக்கக் கிராமத்துக்கும் ஆற்காட்டுக் கிராமத்துக்கும் பொருந்தாது.

புரோமினுக்கு மூலப்பொருளான டாப்ஸோன் என்னும் எளிய ரசாயனத்தை ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1908-லேயே தயாரித்திருந்தார்கள். ஆயினும், முதலில் அதைக் கையாண்டவர்கள் பெரிய அளவுகளில் கொடுத்துப் பார்த்து, விஷத்தன்மை உடையது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். குறைந்த அளவில் கொடுத்தால் அபாயமின்றிப் பயன் தரும் என்பதை அனுபவத்தால் நிறுவியவர்கள் இருவர்: காக்ரேன், செங்கற்பட்டில் அதை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டார், முன்பு கல்கத்தாவில் பணிபுரிந்து பின்னர் நைஜீரியாவின் உஸுவாகோலிக்குச் சென்ற ஜான் லோவ், அதையே மாத்திரையாக வாய்வழியே கொடுத்து, 1949-க்குள் அதன் பயனை உலகறியச் செய்தார். நாள் ஒன்றுக்கு நூறு மில்லிகிராம் போதும். விலையும் மிகச் சொற்பம். ஏழைகளின் நோய்க்கு ஏழைகளுக்கு எட்டுகின்ற மருந்து கிடைத்துவிட்டது என்று வைத்திய உலகம் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

மாத்திரை வந்தபின் மதிற்சுவருக்கு என்ன அவசியம் என்ற கேள்வி தானே எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 1952-ஆம் ஆண்டு முதன்முறையாகக் கூட்டிய தொழுநோய் நிபுணர் குழுவும், அதைத் தொடர்ந்த குழுக்களும், கட்டாயப் பிரிவினை முறையிலிருந்து படிப்படியாக விலகி, வெளிநோயாளிச் சிகிச்சையின் பக்கம் உலகத்தைத் திருப்பின. பாரத சர்க்கார் 1955-இல் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, அதே ஆண்டில் திருமணி நிலையத்தை மத்தியப் போதனை ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார் காங்கோவில் நெடுநாள் பணிபுரிந்திருந்த பெல்ஜிய வைத்தியர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ். அவர் நோயாளிகளை வரவழைப்பதற்கு ஒரு கட்டடத்தைக் கட்டி அதற்குள் காத்திருக்கவில்லை. குறித்த கிழமையில் குறித்த மரத்தடியில் வண்டி வந்து நிற்கும், மேஜை போடப்படும், பதிவேடு திறக்கப்படும், வயலுக்குப் போகிற வழியில் நோயாளி வந்து, தோலைக் காட்டி, மாத்திரையைப் பெற்றுக்கொண்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தொழுநோயாளி என்றால் வீட்டைத் துறக்க வேண்டியவர் என்ற எண்ணம், எந்தப் பிரசங்கத்தாலும் அசையாதது, அந்த மரத்தடிகளில் அசையத் தொடங்கிற்று. ஹெமரிக்ஸுக்குப் பின் அப்பணியைத் தாங்கி நடத்திய டாக்டர் கிளேர் வெலூட் அம்மையாரும் அவருடைய ஊழியர்களும் ஆண்டுதோறும் எழுதிவைத்த பதிவேடுகள், பின்னாளில் லூவேன் சர்வகலாசாலையில் மிஷேல் லெஷா என்னும் தொற்றியல் நிபுணர், ஒரு சமூகத்தில் இந்நோய் எவ்வாறு பரவித் தணிகிறது என்பதைக் கணித முறையில் வகுத்துக் காட்டுவதற்கு ஆதாரமாயின. மரத்தடியில் பேனா பிடித்த பெயர் தெரியாத ஊழியர்களுக்கு உலகம் பட்ட கடன் இது என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவு நன்மை செய்த டாப்ஸோனிடத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அதை எப்போது நிறுத்தலாம் என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. கிருமி குறைந்த வகை நோயாளிகளுக்குச் சில ஆண்டுகள் என்றார்கள். கிருமி மிகுந்த வகையினருக்கோ, ஆயுள் முழுவதும் என்றார்கள். இருபது வயதில் நோய்ப்பட்ட ஒருவரிடம், 'இம்மாத்திரையை நீ கண்மூடும் வரையில் உண்ணவேண்டும்' என்று சொல்வது, சிகிச்சைக்கு உரிய உறுதிமொழியா, தீர்ப்பா என்று அவருக்கு விளங்காது. தோலில் தேமல் மறைந்து, உடல் தேறி, கலியாணமும் ஆகி, குழந்தை குட்டிகளோடு வாழும் மனிதர் பத்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் மாத்திரையை மறந்துவிடுவது இயல்பேயன்றி வேறில்லை. ஆகவே 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும், குணமடைந்தவர்கள் என்று எண்ணப்பட்ட சிலருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியபோது, வைத்தியர்கள் முதலில் சந்தேகித்தது நோயாளியைத்தான். 'மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருக்க மாட்டான்' என்ற வாக்கியம் எத்தனை மருத்துவமனைகளில், எத்தனை மொழிகளில் சொல்லப்பட்டிருக்கும்!

நோயாளி பொய் சொல்கிறாரா, மருந்து தோற்றுவிட்டதா என்று தீர்ப்பதற்கு ஒரு சோதனை வேண்டும். க்ஷயரோகக் கிருமியைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, மருந்தைச் சேர்த்துப் பார்த்து அறியலாம். தொழுநோய்க் கிருமியோ ஹான்ஸன் காலந்தொட்டு இன்றுவரை குப்பியில் வளர இணங்கியதில்லை. அது விரும்புவது உயிருள்ள உடல். அதிலும், காது மடல், மூக்கு, விரல் நுனி போன்ற சற்றுக் குளிர்ந்த இடங்கள். இந்த இயல்பைக் கருதிய சார்ல்ஸ் ஷெப்பர்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சுண்டெலியின் உடலில் குளிர்ந்த பாகமாகிய பாதத்தில் மிகச் சில கிருமிகளைச் செலுத்தினால் அவை பெருகுகின்றன என்று 1960-இல் நிரூபித்தார். வேறு பல கிருமிகள் நிமிஷக் கணக்கில் இரட்டிக்கும்போது, இது இரட்டிப்பதற்குப் பன்னிரண்டு நாள், பதின்மூன்று நாள் ஆகும். ஆதலால் ஒரு சோதனையின் விடையைப் பெற ஆறு மாதம், எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமையை விஞ்ஞானத்தின் தவம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஷெப்பர்டின் முறையை லண்டன் மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் ரீஸ் மேற்கொண்டார். அவரோடு கைகோத்தவர் மலேயாவில் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுங்கை பூலோ மருத்துவமனையில் பணியாற்றிய பெட்டிட். நோய் திரும்பிய நோயாளிகளை மருத்துவமனையிலேயே வைத்து, மாத்திரையை நம்பாமல், ஊழியர் கண்முன்னே மாதக்கணக்கில் ஸல்ஃபோன் மருந்தைச் செலுத்தினார்கள், நோய் தணியவில்லை. அவர்கள் உடலிலிருந்து எடுத்த கிருமிகளைச் சுண்டெலிகளின் பாதத்தில் இட்டு, அந்த எலிகளுக்கு உணவோடு டாப்ஸோனைக் கலந்து கொடுத்தார்கள்; சாதாரணக் கிருமி அடியோடு அடங்கும் அளவு மருந்து இருந்தும் இந்தக் கிருமிகள் பெருகின. 1964-ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவு, பொய்யர் என்று ஏசப்பட்ட நோயாளிகளுக்குச் சாட்சி சொன்னது. கிருமி மருந்தை வென்றிருந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் உலகின் பல பாகங்களிலிருந்தும் இதே செய்தி வந்தது. எதியோப்பியாவிலிருந்து 1977-இல் வந்த செய்தி இன்னும் கலக்கமூட்டுவது: மருந்தே உண்டறியாத புது நோயாளிகளிடமும் டாப்ஸோனுக்கு மசியாத கிருமி காணப்பட்டது. அதாவது, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவத் தொடங்கியிருந்தது. முப்பது ஆண்டு உழைப்பும் மரத்தடிகளும் வீணாகிவிடுமோ என்ற அச்சம் நிபுணர்களைப் பற்றியது.

நல்ல வேளையாக வேறு இரண்டு மருந்துகள் கைக்கு வந்திருந்தன. டப்ளின் நகரில் வின்ஸென்ட் பாரியும் அவருடைய குழுவினரும் க்ஷயரோகத்துக்கென்று 1950-களில் உருவாக்கிய குளோஃபாஸிமின், எதிர்பார்த்த நோயில் பயன்படாமல் கிடந்தது. அதைத் தொழுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்டான்லி பிரௌனும் ஹோகர்ஸீலும் 1962-இல் உஸுவாகோலியில் கண்டறிந்தார்கள். தோலைக் கருஞ்சிவப்பாக்கும் என்பது அதன் குறை. நிறம் பார்த்துப் பழகிய நம் சமூகத்தில் அது சிறு குறையன்று. மற்றொன்று ரிஃபாம்பிஸின். ரீஸும் பியர்ஸனும் வாட்டர்ஸும் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மற்ற மருந்துகள் மாதக்கணக்கில் செய்யும் கிருமி நாசத்தை இது நாட்கணக்கில் செய்துவிடுகிறது என்று காட்டிற்று. பின்வந்த ஆராய்ச்சிகளோ, ஒரே ஒரு வேளை மருந்து நோயாளியின் உடலில் உயிரோடிருக்கும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்துவிடும் என்றன. ஆனால் அன்றைய விலையில் அதை நாள்தோறும் கொடுப்பது எந்த ஏழை நாட்டுக்கும் இயலாத காரியம்.

மருந்துகளை ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கிருமி மிகுந்த வகை நோயாளி ஒருவரின் உடலில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு மருந்துக்கு இயற்கையாகவே மசியாத கிருமி சுமார் கோடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், அத்தகையவை ஆயிரக்கணக்கில் அவருக்குள் முன்னமேயே குடியிருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மாண்டு இவை மட்டும் பெருகும். இரண்டு மருந்துக்கும் ஒருங்கே மசியாத கிருமியோ, கோடி கோடியில் ஒன்றாக இருத்தல் கூடுமாகையால், ஏறக்குறைய இல்லையென்றே கொள்ளலாம். க்ஷயரோகத்தில் முன்பே கற்ற பாடம் இது. ஜெர்மனியின் ஃப்ரியெர்க்ஸன் 1972-இல் மால்டா தீவில் கூட்டு மருந்துகளால் நோயாளிகள் எல்லோரையும் குறித்த காலம் மட்டும் நடத்தி முடிக்க முனைந்திருந்தார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐந்தாவது நிபுணர் குழுவும் 1976-இல் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆனால் எந்த மருந்து, எத்தனை காலம், எவ்வளவு செலவு என்பதில் திட்டமான வழிகாட்டுதல் இல்லாமற்போகவே, பெரும்பாலான நாடுகள் அப்பரிந்துரையைப் படித்துவிட்டுப் பழைய மாத்திரையையே வழங்கி வந்தன.

இதற்குள் அந்த ஸ்தாபனத்தின் ஆதரவில் தெலெப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மருந்தாராய்ச்சிக் குழு, மாலி தேசத்துப் பமாக்கோ நகரிலும் நம் செங்கற்பட்டிலும் மருத்துவப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கியது. அப்பரீட்சைகள் ஒரு சங்கடமான உண்மையை எடுத்துரைத்தன: எவ்வளவு வலுவான கூட்டு மருந்தைக் கொடுத்தாலும், சில நோயாளிகளிடம் உறங்குவது போன்ற கிருமிகள் சில மிஞ்சிவிடுகின்றன. அவை எதிர்ப்புச் சக்தி பெற்றவை அல்ல. கோரையின் மேல்தாளை அரிந்தபின் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைப்போல, பெருகாமல் கிடப்பதால் மருந்துக்கு அகப்படாதவை. இந்தக் கிழங்குகள் பின்னால் தளிர்க்குமா, தளிர்க்காவா என்பதே மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வியின் உள்ளடக்கம்.

1981-ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் 16 வரை ஜெனீவாவில் கூடிய ஆராய்ச்சிக் குழு இந்தக் கேள்வியின் முன்னே அமர்ந்தது. நிச்சயமான விடை அவர்களிடம் இருக்கவில்லை. நோய் திரும்புகிறதா என்று அறியப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் எதிர்ப்புக் கிருமி பரவிக்கொண்டிருக்கும். அவர்கள் தீர்மானித்தது இது. கிருமி மிகுந்த நோயாளிக்கு மாதம் ஒருமுறை ஊழியர் கண்முன் 600 மில்லிகிராம் ரிஃபாம்பிஸினும் 300 மில்லிகிராம் குளோஃபாஸிமினும் கொடுப்பது. அவரே வீட்டில் நாள்தோறும் 100 மில்லிகிராம் டாப்ஸோனும் 50 மில்லிகிராம் குளோஃபாஸிமினும் உண்பது. இவ்வாறு குறைந்தது இரண்டு ஆண்டு, இயலுமானால் தோலைக் கீறிப் பார்க்கும் பரிசோதனையில் கிருமி மறையும் வரையில். கிருமி குறைந்த நோயாளிக்கு மாதாந்திர ரிஃபாம்பிஸினும் தினசரி டாப்ஸோனும் ஆறே மாதம். அதன் பின்பு மருந்தை நிறுத்திவிடலாம்.

இந்தத் திட்டத்தைப் படிக்குந்தோறும் நமக்கு வியப்பைத் தருவது, பரிசோதனைச்சாலையின் கணக்கும் மரத்தடியின் நடப்பும் அதில் ஒன்றாய்ப் பொருந்தியிருக்கும் அழகு. விலையுயர்ந்த மருந்து மாதம் ஒருமுறை போதும் என்பது கிருமியின் மந்த கதியால் நேர்ந்த சௌகரியம். அந்த ஒருமுறையை ஊழியர் கண்முன் கொடுக்கலாம் என்பது, கிராமத்துக்கு மாதம் ஒருமுறை வண்டி போக முடியும் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. வீட்டு மாத்திரையை நோயாளி சில நாள் மறந்தாலும், பிரதான மருந்து தவறாது. நோயாளியைக் குற்றவாளியாக்காமல், மனிதருக்கு இயல்பான மறதியை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்ட வைத்திய விதி அது. அதைவிட மேலானது, சிகிச்சைக்குக் கெடு விதித்தது. கெடு உள்ள சிகிச்சையை மனிதர் முடிப்பார்; ஊழியரும், மாதங்களை எண்ணி, 'இன்றோடு உங்களுக்கு மருந்து முடிந்தது' என்று சொல்லும் பேற்றைப் பெறுவார்.

துணிவு பலித்தது. வேலூரை அடுத்த கரிகிரியிலும் பொலம்பாக்கத்திலும் நடத்திய களப் பரீட்சைகளில், மருந்தை நிறுத்திய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்பியவர்கள் மிகமிகச் சிலரே. மிஞ்சிய கிருமிகள் பெரும்பாலும் தளிர்க்கவில்லை. பாரத தேசம் 1983-இல் தன் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஒழிப்புத் திட்டமாக மாற்றிக் கூட்டு மருந்தை மாவட்டம் மாவட்டமாகப் புகுத்தியது. நான்கு வாரத்து மருந்தை ஒரே அட்டையில் நாள்வரிசையாக அடைத்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தபின், எழுத்தறியாதவரும் எந்த மாத்திரை எந்த நாளுக்கு என்று தாமே அறிந்துகொண்டார்.

1985-இல் உலகெங்கும் பதிவேட்டில் இருந்த நோயாளிகள் ஐம்பது லட்சத்துக்கு மேல். 1991-ஆம் ஆண்டு உலக சுகாதார சபை, 2000-க்குள் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக ஆக்குவது என்ற இலட்சியத்தை ஏற்றது. அம்முயற்சிக்கு ஜெனீவாவில் தலைமை தாங்கிய டாக்டர் எஸ். கே. நூர்தீன், செங்கற்பட்டு மத்திய நிலையத்தில் தொற்றியல் ஆராய்ச்சி செய்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது. 1995-லிருந்து நிப்பான் அறநிலையமும், 2000-லிருந்து நோவார்டிஸ் நிறுவனமும் மருந்தை இலவசமாக வழங்கின. ஏழாவது நிபுணர் குழு 1997-இல் கூடி, கிருமி மிகுந்த வகைக்கும் பன்னிரண்டு மாதமே போதும் என்றது. உலகம் முழுவதற்குமான கணக்கில் அந்த இலட்சியம் 2000-இல் எட்டப்பட்டது. இந்தியா 2005 டிசம்பரில் அதை எட்டியது.

இந்த வெற்றியைக் குறைத்துப் பேச நாம் துணியமாட்டோம். கோடிக்கு மேற்பட்ட மக்கள் குணமடைந்தார்கள். எனினும் இந்த எண்ணைக் குறித்து ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது. பதிவேட்டில் ஒருவர் நோயாளியாக இருக்கும் காலம் ஆயுளிலிருந்து இரண்டாண்டாகவும், இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகவும் குறைந்தால், புதிதாக நோய்ப்படுகிறவர் தொகை குறையாவிடினும் பதிவேடு சுருங்கிவிடும். பதிவேடு சுருங்கியதையே நோய் ஒழிந்ததாக அரசாங்கங்கள் அறிவித்தபோது, தனிப்பட்ட தொழுநோய் ஊழியர்கள் பொதுச் சுகாதாரப் பணியில் கரைந்தார்கள். தேமலைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகித்து, இறகால் தடவி உணர்ச்சியைச் சோதிக்கும் பழக்கமுள்ள கண்களும் கைகளும் அருகின. கொரோனாத் தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில்கூட உலகில் ஆண்டுதோறும் சுமார் இரண்டு லட்சம் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. குழந்தைக்கு நோய் வருகிறதென்றால், அண்மையில் அதன் அருகே சிகிச்சை பெறாத ஒருவர் இருந்தார் என்று பொருள். இலட்சியத்தை வகுத்த நிபுணர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எண்ணைக் கொண்டாடிய அவசரத்தில் அவர்களுடைய எச்சரிக்கைகள் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

கிருமியைக் கொல்லும் மருந்து, கிருமி கெடுத்துவிட்ட நரம்பை மீட்டுத் தருவதில்லை. மருந்து முடிந்த நாளன்று பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிய பல்லாயிரவர், மடங்கிய விரல்களோடும் சூடு உணராத கைகளோடும்தான் வீடு திரும்பினார்கள். அந்த விரல்களை நிமிர்த்த முடியும் என்று வேலூரில் ஓர் இளம் ஆங்கிலேய அறுவை வைத்தியரைக் காக்ரேன் தூண்டிவிட்டதும், பால் பிராண்ட் என்னும் அவ்வைத்தியர் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற பழைய நம்பிக்கையை நோயாளிகளின் கைகளை நாள்தோறும் ஆராய்ந்து தகர்த்ததும் அடுத்த அத்தியாயத்தில் வரும்.